என்னத்தத் தின்ன?

முந்நூறு மில்லி தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸ். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் நாளைக்கு மறுபடியும் வர வேண்டியிருக்கும் என்று செவிலியர் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு வாய்க்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். 2018, ஜூன் மாதம். எனக்கு 24ஆவது வாரம். மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் நீள பெஞ்சில், என்னோடு சேர்த்து ஆறு பெண்கள், இரண்டு மணி நேரம் கழியக் காத்திருந்தோம்.

முடிவு 172 என்று வந்தது. 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. அட்டையில் சிவப்பு மையால் எழுதிவிட்டுச் செவிலியர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“என்னம்மா சாப்பிட்ட? ஸ்வீட் நிறைய சாப்பிடுவியோ?”

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சர்க்கரை சரியாக இருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 7.6. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும். பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். அவளிடமும் அதே கேள்வியைத்தான் செவிலியர் கேட்டார். “என்னத்தத்தான் சாப்பிடுற நீ? கீரை, முட்டை எதுவும் தொடுறதில்லையா?” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சர்க்கரை கூடியதற்கும் அவளுக்கு ரத்தம் குறைந்ததற்கும் ஒரே காரணம்தான் போலிருக்கிறது: நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடத் தெரியாதவர்கள்.

அந்தச் செவிலியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்திருப்பார். அன்று முழுக்க அதே கேள்வியை நான் வேறு வேறு குரல்களில் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் கணவர், “அப்படி என்ன சாப்பிட்ட?” என்றார். சாயங்காலம் அத்தை, “காலேஜ்ல அதுங்களோட சேர்ந்து கண்டதையும் தின்னா வராம என்ன செய்யும்?” என்றார். என் கணவரின் அக்கா, “மாம்பழ சீசன்ல, மதினி” என்று சிரித்தார்.

அம்மா மட்டும் கேட்கவில்லை. சாத்தூரிலிருந்து போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, பார்த்துக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார். அது ஆறுதல் என்று அப்போது நினைத்தேன்.

*

கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். நான்கு பேருக்குச் சமையல். ஏழரைக்குள் இரண்டு டப்பா கட்ட வேண்டும். எனக்கான இட்லியை எட்டுப் பத்து பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நின்றபடியே விழுங்குவேன். காய் இருக்காது, சட்னி மிச்சமிருந்தால் சட்னி, இல்லாவிட்டால் பொடி. பதினொரு மணிக்குக் கல்லூரியில் டீ, இரண்டு பிஸ்கட். மதியம் ஒரு மணிக்கு டப்பாச் சோறு. பொரியலை அவர் டப்பாவில் கூடுதலாக வைத்திருப்பேன். இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ஒன்பதரைக்கு மேல், இருப்பது. இருப்பது என்றால் பெரும்பாலும் சோறும் குழம்பும். மீனோ முட்டையோ கடைசி ஆளுக்கு மிஞ்சுவதில்லை.

நான் கல்லூரியில் வேலை பார்ப்பவள். சம்பளம் வாங்குகிறவள். என்னைப் பட்டினி போடுகிறவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. “ரெண்டு உயிருக்குச் சாப்பிடும்மா” என்று அத்தை தினமும் சொல்வார். ஆனால் அந்த இரண்டு உயிரும் வீட்டில் கடைசியாகத்தான் சாப்பிட்டன. அதை யாரும் விதியாக வகுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

இனிப்பு? எனக்கு இனிப்பே அவ்வளவாகப் பிடிக்காது. அது வேறு கதை, ஏனென்றால் கர்ப்பகாலச் சர்க்கரை இனிப்புத் தின்றதால் வருவதில்லை. கரு வளர வளர நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. பிள்ளைக்குத் தட்டில்லாமல் சத்துப் போய்ச் சேர உடல் செய்கிற ஏற்பாடு அது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. பெரும்பாலோரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருடையதால் முடியாது. குடும்பத்தில் சர்க்கரை இருந்தால், வயது கூடியிருந்தால், எடை கூடியிருந்தால் அந்தச் சிலரில் ஒருத்தியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எங்கள் தெற்காசியப் பெண்களின் உடல்வாகிலேயே அந்த வாய்ப்பு கூடுதல். சாப்பாட்டால் இதைக் கட்டுக்குள் வைக்க முடியும். ஆனால் கட்டுப்படுத்த உதவுவது வேறு, காரணமாக இருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனை பெண்கள் குற்றவாளிகளாக நின்றிருக்கிறார்கள்!

ரத்தசோகைக்கும் இதே கதைதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு நாட்டின் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே குறை இருந்தால், அது தனித்தனிப் பெண்களின் வாய் செய்த தவறாக எப்படி இருக்க முடியும்?

*

மகப்பேறு மருத்துவமனையில் எனக்கு ஒரு உணவு அட்டவணை கொடுத்தார்கள். நல்ல அட்டவணை. காலை ஏழரைக்கு இரண்டு இட்லி, நிறைய சாம்பார், பத்தரைக்குச் சுண்டல், ஒன்றுக்கு ஒரு கப் சோறு, இரண்டு கப் காய், பருப்போ மீனோ, நாலுக்கு மோரும் வேர்க்கடலையும், எட்டுக்கு இரண்டு சப்பாத்தி, காய், படுக்கும் முன் சர்க்கரை இல்லாத பால். பட்டினி கிடக்கக் கூடாது, ஒரே வேளையில் நிறையவும் சாப்பிடக் கூடாது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரம் பார்ப்போம், அதற்குள் வராவிட்டால் மருந்து என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அதில் எல்லாம் இருந்தது. பத்தரை மணிச் சுண்டலுக்கு முந்தின இரவே கடலை ஊறப் போடுவது யார், வகுப்பு நடக்கும்போது அதை எப்படித் தின்பது, ஏழரைக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்டால் டப்பாக்களைக் கட்டுவது யார் என்பது மட்டும் இல்லை. அட்டவணை என் பெயரில் இருந்தது. அடுக்களை என் கையில் இல்லை. அடுக்களை வேலை மட்டுமே என் கையில் இருந்தது.

முதல் சண்டை கேழ்வரகுக் கூழில் வந்தது. சர்க்கரைக்குக் கேழ்வரகுதான் மருந்து என்று அத்தை தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கரைத்துக் கொடுத்தார். அன்போடுதான். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 160க்கு மேல். கேழ்வரகு சத்தானதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். கருப்பட்டியும் அப்படித்தான், சீனிக்குப் பதிலாகப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது நம் நம்பிக்கை மட்டுமே. இதைச் சொன்னபோது அத்தைக்கு முகம் வாடிவிட்டது. “நான் குடுத்தது ஒத்துக்கலங்கிற. சரிம்மா, உங்க டாக்டரம்மா சொல்றதையே சாப்பிடு.”

அதே வாரம் வளைகாப்பு நாள் குறிக்கும் பேச்சும் வந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். ஒவ்வொருத்தியும் வளையல் போட்டுவிட்டு ஒரு வாய் ஊட்டுவாள். வேண்டாம் என்று சொன்னால் வாழ்த்தையே வேண்டாம் என்பது போல. கூடவே குழந்தை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூப் பால். எதைச் சாப்பிட்டாலும் பிள்ளையின் நிறம் மாறாது என்று சொல்லிப் பார்த்தேன். “உனக்கு எல்லாம் தெரியும்” என்றார்கள்.

இரண்டு வாரம் கழிந்தது. எண் இறங்கவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது, வளைகாப்புப் பேச்சுக்காக ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்தார்.

*

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். என் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டு போனார். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? தெரியாது. நீ பிறக்கும்போது எத்தனை கிலோ? அம்மா, “மூணே முக்கால்” என்றார். கூடப் பிறந்தவர்கள்? நான், “இல்லை, ஒரே பிள்ளை” என்றேன்.

அம்மா, “இன்னொண்ணு இருந்துச்சு” என்றார்.

எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கள் வீட்டில் பேசாத விஷயம். எனக்கு மூன்று வயதாகும்போது, 1992இல், ஒரு தம்பி பிறந்து இறந்தான் என்பது மட்டுமே தெரியும். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுங்கம்மா” என்றார்.

அம்மா அப்போது தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வரிவரியாக ஓட்டையுள்ள சட்டத்தில் குச்சிகளை அடுக்கிக் கொடுக்கும் வேலை. எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. எட்டாம் மாதம் வரை போயிருக்கிறார். வயிறு பெரிதாக இருந்தது. பார்த்தவர்களெல்லாம் ஆம்பளைப் பிள்ளை, கொழுகொழுவென்று வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். ஓயாத தாகம். “ஒரு குடம் தண்ணி நானே குடிப்பேன் டாக்டர். ராத்திரி பத்து தடவை எந்திரிப்பேன். புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான்னாங்க.”

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் காலையிலிருந்து அசைவில்லை. சாயங்காலம் வண்டி பிடித்துக் கொண்டுபோனார்கள். உள்ளேயே உயிர் போய்விட்டது. எடை போட்டுப் பார்த்த சிஸ்டர், நாலரை கிலோ என்று சொன்னாராம். “தூக்கக் கை பத்தல” என்றார் அம்மா. கைகளை மடியில் சற்று அகட்டி வைத்துக் காட்டினார். இருபத்தாறு வருடம் கழித்தும் அந்த அளவு கைகளுக்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி: “என்னத்தடி தின்ன?”

அம்மா யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தின வாரம், ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருத்தி தன் வீட்டு மரத்துப் பப்பாளிப் பழத்தை அறுத்துக் கொண்டுவந்தாள். பசி. இரண்டு கீற்றுத் தின்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் வேறு காரணம் தேடவில்லை. வாரிசைப் பப்பாளி தின்று கொன்றவள். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பத்தா சாகும் வரைக்கும் ஏதாவது சண்டை வந்தால் அந்த இரண்டு கீற்று வெளியே வந்துவிடும். அம்மாவுக்கு அதன் பிறகு பிள்ளை தங்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள் பப்பாளி வந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு வாசனை பிடிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். இத்தனை வருடம் கழித்து, ஒரு சோதனைத் தாளும் இல்லாமல், இதுதான் காரணம் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடங்காத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், அளவுக்கு மீறிப் பெரிதான வயிறு, நாலரை கிலோ, மாதம் நிறைந்த நேரத்தில் திடீரென்று நின்ற அசைவு, மகளுக்கு இப்போது வந்திருக்கும் சர்க்கரை இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்கு அம்மாவுக்குக் கண்டுபிடிக்காத சர்க்கரை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தாயின் ரத்தத்திலிருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலினைச் சுரந்து தள்ளும். பிள்ளை அதனால்தான் பெருக்கும். அது ஆரோக்கியமான கொழுகொழுப்பு இல்லை. கட்டுப்படாத சர்க்கரையில் சில பிள்ளைகள் கடைசி வாரங்களில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோவதும் உண்டு.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“அப்ப, பப்பாளி இல்லியா டாக்டர்?”

“இல்லம்மா. பால் வடியிற காய வேண்டாம்னு சொல்லுவோம். பழுத்த பழம் ரெண்டு கீத்து நிறைமாசப் பிள்ளைய ஒண்ணும் செய்யாது.”

அம்மா அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார், அப்போதுதான் எதையோ தின்று முடித்தவர் மாதிரி. மருத்துவர் அவரையும் விரலை நீட்டச் சொன்னார். 286. கால் பெருவிரலில் மூன்று மாதமாக ஆறாத புண் ஒன்று இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

*

எனக்கு இன்சுலின் போட ஆரம்பித்தார்கள். ஊசி என்றதும் நான் தோற்றுவிட்டதாக நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால், இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் என்று மனசு கணக்குப் போட்டது. அப்பத்தாவின் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உறைக்கச் சில நாட்கள் ஆயின. சரியாகச் சாப்பிட்டும் சிலருக்கு மருந்து தேவைப்படும். அது நஞ்சுக்கொடியின் வேலை, நாக்கின் குற்றமில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டார். சம்பந்தி வீட்டில் அப்படி நிற்பது அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஏழரைக்கு என்னை உட்காரவைத்தார். டப்பாக்களை என் கணவர் கட்டக் கற்றுக்கொண்டார். அதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. வளைகாப்பில் அம்மாதான் முன்னால் வந்து, “அவளுக்கு வாயில வைக்க வேணாம், கையில குடுத்துருங்க” என்று எல்லோரிடமும் சொன்னார். சபையில் அம்மா சத்தமாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அத்தைகூட ஒன்றும் சொல்லவில்லை.

38ஆவது வாரத்தில் வலி வரவைத்தார்கள். மகள் பிறந்தாள். 3.1 கிலோ. பிறந்த பிறகு தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும், பிள்ளையின் உடம்பில் இன்சுலின் மட்டும் கூடுதலாக இருக்கும், அதனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம் என்று முதல் நாள் முழுக்க அவள் குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா எண்ணைக் கேட்டுச் சொல்லிக்கொண்டார், மனப்பாடம் செய்வதைப் போல.

ஆறு வாரம் கழித்து நான் மறுபடி சோதனைக்குப் போயிருக்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக நீரிழிவு வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அட்டையில் தேதி குறித்தும் கொடுத்திருந்தார்கள். நான் போகவில்லை. பிள்ளை வெளியே வந்த பிறகு என் எண்ணைப் பற்றி வீட்டில் யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான். கர்ப்பத்தில் நான் வாயில் வைத்த ஒவ்வொரு பருக்கைக்கும் கணக்குக் கேட்ட உலகம், அடுத்த மாதம் நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அம்மாதான் போனில் கேட்டார்: “உனக்குப் பார்த்தியா?”

*

என் மாணவிகளிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நான் குடித்த குளுக்கோஸ் தண்ணீருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்று சொன்னால், தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் மறுமுறை வரமாட்டாள் என்பதைப் புரிந்துகொண்டு, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தடவையில் செய்யக்கூடிய சோதனையாக அதைப் பரவலாக்கியவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அதைச் செய்ய 2007இல் அரசு ஆணையிட்டது. அம்மாவுக்குப் பதினைந்து வருடம் தாமதம். அந்தச் சோதனை “என்ன தின்றாய்?” என்று கேட்பதில்லை. வந்த பெண்ணை வந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறது. வீடுகளும் அப்படி இருக்கலாம்.

வீட்டில் ஒருத்தி கர்ப்பமாக இருந்தால் என்ன தின்றாள் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குத் தின்றாள், உட்கார்ந்து தின்றாளா, சட்டியில் என்ன மிச்சமிருந்தது, யார் சமைத்தார்கள், சோதனை செய்தார்களா, பிள்ளை பிறந்த பிறகும் செய்தார்களா என்று கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் பேசாத பிள்ளை ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு தடவை கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் உடம்புக்கும் தேவைப்படலாம்.

அம்மா இப்போது எங்களோடு மதுரையில் இருக்கிறார். மாத்திரை போடுகிறார், புண் ஆறிவிட்டது. என் மகளுக்குப் பப்பாளி பிடிக்கும். அம்மாவே வாங்கி வருவார், தோல் சீவி, விதை எடுத்து, சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொடுப்பார். டாக்டர் சொன்னதை நம்புகிறீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். நம்புகிறேன் என்றார். அப்படியானால் நீங்களும் ஒரு துண்டு சாப்பிடுங்களேன் என்றேன்.

“புள்ள தின்னட்டும்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.